எது போனது, எது மிஞ்சியது? சிறுதொழிலில் இழப்பு வந்தால் செய்ய வேண்டியவை

முன்னைய பாடங்களில் ஒரு சிறுதொழிலை எப்படித் தெரிவுசெய்வது, எப்படித் தொடங்குவது, வரவு செலவை எப்படி எழுதுவது என்று பார்த்தோம். தொடங்கிய தொழிலில் அடி விழுந்தால் என்ன செய்வது என்பதே இந்தப் பாடம். மாரி மழையில் கடைக்குள் தண்ணீர் வரலாம். வளர்த்த கோழிகள் ஒரே கிழமையில் சாகலாம். கடனுக்குக் கொடுத்த சாமானின் காசு வராமல் போகலாம். வீதி திறந்ததும் பெரிய வியாபாரி ஒருவர் லொறியில் வந்து உங்களைவிட மலிவாக விற்கலாம். தொழில் செய்கிற எவருக்கும் இவற்றில் ஒன்று எப்போதாவது வரும்.

இந்தப் பாடத்தின் முடிவில் நீங்கள்:

- இழப்பைக் கணக்கில் எழுதி, மிஞ்சியது எவ்வளவு என்று அறிவீர்கள்.
- புதுக்கடன் எடுக்கும் முன் செய்ய வேண்டியவற்றை அறிவீர்கள்.
- மொத்த வியாபாரியிடமும் கடன் தர வேண்டியவர்களிடமும் எப்படிக் கதைப்பது என்று அறிவீர்கள்.
- தொழிலைச் சுருக்குவதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று தீர்மானிக்கப் பழகுவீர்கள்.

"இதுவும் போச்சு"

மீள்குடியேறிய கிராமங்களுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. கடையில் ஒரு மூட்டை அரிசி நனைந்தாலும், பத்துக் கோழி செத்தாலும், "இதுவும் போச்சு" என்று சொல்வார்கள். அந்த "இதுவும்" என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ இருக்கின்றன. வீடு, வளவு, மாடு, நகை, படகு, எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்கள். ஒன்றல்ல, பல தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்களுக்குச் சிறிய இழப்பும் பழைய இழப்பின் தொடர்ச்சியாகவே தெரியும். அது இயல்பு.

சுற்றியிருப்பவர்களோ, "அதையெல்லாம் தாங்கின உங்களுக்கு இது என்ன பெரிசோ?" என்பார்கள். ஆறுதலுக்காகத்தான் சொல்வார்கள். ஆனால் கேட்பவர் வாயை மூடிக்கொள்வார், உதவி கேட்கவும் வெட்கப்படுவார். இதுவும் நல்லதல்ல.

இந்தப் பாடம் சொல்ல வருவது ஒன்றுதான். முன்பு இழந்தவற்றை எந்தக் கொப்பியிலும் எழுதிக் கூட்ட முடியாது. கடையில் வந்த இழப்பை எழுதலாம், கூட்டலாம். கூட்டிப் பார்த்தால், "எல்லாம் போச்சு" என்று நினைத்த இடத்தில் பெரும்பாலும் ஏதோ மிஞ்சியிருக்கும். மிஞ்சியது எவ்வளவு என்று தெரிந்த பின்புதான் அடுத்ததைத் தீர்மானிக்க வேண்டும். அது தெரியும் முன் கடன் எடுக்கவும் கூடாது, தொழிலை விடவும் கூடாது.

முதற்படி: மூன்று நாளுக்குள் கணக்கெடுங்கள்

விளங்குவதற்காக ஓர் உதாரணம் எடுப்போம். கிளிநொச்சி மாவட்டத்தில் வீதியோரம் சிறு பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. கடை வீட்டோடு சேர்ந்தது, சுவர் அரைவாசி, மேலே தகரம். வாழ்வாதார உதவியோடு தொடங்கி இரண்டு வருடமாக நடத்துகிறார். வீட்டில் மகனின் கூலி வருமானமும் உண்டு. கார்த்திகை மாதம் நான்கு நாள் விடாமல் பெய்த மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் கடையைப் பார்த்து, "எல்லாம் போச்சு" என்று கதவைச் சாத்திவிட்டார்.

மகள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து எழுதினார்கள். விற்கும் விலையை விட்டு வாங்கிய விலையையே எழுதினார்கள்.

மழைக்கு முன் இருந்த சாமான்: 42,000 ரூபா
பழுதாகாமல் மிஞ்சிய சாமான் (ரின் மீன், சவர்க்காரம், எண்ணெய்ப் போத்தல், மேல்தட்டில் இருந்த தேயிலை, பருப்பு): 23,500 ரூபா
நனைந்த அரிசியைக் கோழித்தீனுக்கு விற்ற காசு: 1,500 ரூபா
உண்மையான இழப்பு: 17,000 ரூபா

அதன் பின் கடைக்கு உள்ளவை எல்லாவற்றையும் எழுதினார்கள்.

மிஞ்சிய சாமான்: 23,500 ரூபா
கையில் உள்ள காசு (அரிசி விற்றதையும் சேர்த்து): 4,700 ரூபா
11 குடும்பங்கள் தர வேண்டிய கடன்: 14,300 ரூபா
மொத்தம்: 42,500 ரூபா
மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது: 9,000 ரூபா
கழித்து வருவது: 33,500 ரூபா

மழைக்கு முன் இதே கணக்கைப் போட்டிருந்தால் 50,500 ரூபா வந்திருக்கும். ஆகவே போனது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மூன்றில் இரண்டு பங்கு இன்னும் இருக்கிறது. 17,000 ரூபா சிறிய தொகையல்ல. ஆனால் "எல்லாம்" அல்ல.

கணக்கெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- தனியே இருந்து எழுத வேண்டாம். மனம் உடைந்திருக்கும் நேரத்தில் ஒருவர் எண்ண, இன்னொருவர் எழுதுவது நல்லது. எழுத்து வாசிப்புக் குறைவானவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிடலாம்.
- கழுவித் துடைத்தால் விற்கக்கூடிய சாமானையும் எறிய வேண்டிய சாமானையும் பிரியுங்கள். வெள்ளத்தில் ஊறிய மா, சீனி, அரிசி, பிஸ்கற் என்பவற்றை ஆட்கள் சாப்பிட விற்கவே கூடாது. ஒருவருக்கு வருத்தம் வந்தால் ஊர் முழுக்க உங்கள் கடையைத் தவிர்க்கும்.
- எறிவதற்கு முன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். வெள்ளம், காற்று, தீ போன்ற அனர்த்தம் என்றால் கிராம அலுவலரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தின் பதிவில் உங்கள் இழப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். களவு என்றால் பொலிசில் முறைப்பாடு செய்து பிரதி ஒன்றைப் பெறுங்கள். நட்டஈடு கட்டாயம் கிடைக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் பின்னர் உதவித்திட்டம் ஏதும் வரும்போது கையில் சான்று இருக்கும்.

இரண்டாம்படி: வெளியில் நிற்கும் உங்கள் காசு

கணக்கை மீண்டும் பாருங்கள். அக்காவுக்கு 14,300 ரூபா வெளியில் நிற்கிறது. அது அவருடைய சொந்தக் காசு. அதற்கு வட்டி கட்டத் தேவையில்லை. ஆனாலும் அதைக் கேட்பதைவிட வட்டிக்காரரிடம் போவது எங்களில் பலருக்கு இலகுவாக இருக்கிறது. காரணம் வெட்கம். கடன் வாங்கியவர்கள் சொந்தக்காரர், பக்கத்து வளவுக்காரர், முகாமில் ஒரே தறப்பாளுக்குள் இருந்தவர்கள். "எப்படிக் கேக்கிறது?" என்று மனம் தடுக்கும்.

கேட்கலாம், ஆனால் கேட்கும் முறை ஒன்று உண்டு. சந்தியிலோ மற்றவர்கள் முன்னிலையிலோ கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, தொகையைச் சொல்லி, எவ்வளவு தர முடியும் என்று அவரையே சொல்ல விடுங்கள். இப்படிக் கதைக்கலாம்:

"தங்கச்சி, கடைக்குள்ள தண்ணி வந்து சாமான் பழுதாப் போச்சு. திரும்பச் சாமான் எடுக்கக் காசு தேவை. உங்கட கணக்கில 1,200 ரூபா நிக்குது. இந்தக் கிழமை எவ்வளவு தரலாம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

அக்கா 11 குடும்பத்தையும் மூன்றாகப் பிரித்தார். 5 குடும்பங்கள் அந்தக் கிழமையே 5,100 ரூபா தந்தன. 4 குடும்பங்கள் 6,200 ரூபாவை 12 கிழமையில் சிறிது சிறிதாகத் தர ஒப்புக்கொண்டன. 2 குடும்பங்களின் 3,000 ரூபாவை இப்போது எதிர்பார்க்க முடியாது. ஒரு வீட்டில் ஆள் வைத்தியசாலையில். மற்ற வீட்டில் காலபோக வயல் அறுத்தால்தான் காசு. அறுவடை தை, மாசியில்தான். அந்த 3,000 ரூபாவை அக்கா கொப்பியில் தனிப்பக்கத்தில் எழுதி வைத்தார்.

காசாகத் தர முடியாதவர்கள் முட்டை, தேங்காய், விறகு, ஒரு நாள் வேலை என்றும் தரலாம். கடை மேடையை உயர்த்த மண் போட்டுத் தருவதும் கடனைத் தீர்ப்பதுதான். அதற்குரிய தொகையை இருவரும் முதலில் பேசி, கொப்பியில் கழித்து எழுதுங்கள்.

இனிமேல் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுக்கு மேல் கடன் இல்லை என்று எல்லை வையுங்கள். இல்லாதவர்களுக்குக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதை உங்கள் வீட்டுக் காசில் கொடுத்து, உதவி என்று எழுதுங்கள். உதவியையும் கடனையும் ஒரே பக்கத்தில் எழுதினால் இரண்டும் கெட்டுப்போகும்.

மூன்றாம்படி: கொடுக்க வேண்டியவரிடம் நீங்களே முதலில் போங்கள்

மொத்த வியாபாரிக்குக் காசு கொடுக்க முடியாதபோது பலர் அவரைக் கண்டால் வேறு பாதையால் போவார்கள், தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். வியாபாரி இதை வேறுவிதமாக விளங்கிக்கொள்வார். ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தால் அவர் இனிச் சாமான் தரமாட்டார். உங்கள் கடைக்கு வெள்ளத்தைவிட அது பெரிய அடி.

தவணை நாளுக்கு முன்னரே போங்கள். கொப்பியையும் கொண்டுபோங்கள். நீங்கள் கொடுக்கக்கூடிய தொகையைச் சொல்லுங்கள். கொடுக்க முடியாததைச் சொல்லாதீர்கள்.

"அண்ணை, உங்களுக்கு 9,000 ரூபா தர இருக்கு. வெள்ளத்தில 17,000 ரூபாச் சாமான் போச்சு. கிழமைக்கு 750 ரூபாப்படி 12 கிழமையில முடிச்சுத் தாறன். இண்டைக்கு முதல் 750 கொண்டுவந்திருக்கிறன். புதுச் சாமானுக்குக் கைக்காசு தந்து எடுக்கிறன்."

இப்படிச் சொன்னால் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் முதற் தவணையைக் கையில் கொண்டுவந்து கதைப்பவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புபவர்கள் குறைவு. அவருக்கும் தன் காசு திரும்ப வேண்டும். உங்கள் கடை திறந்திருந்தால்தான் அது திரும்பும்.

நான்காம்படி: சுருக்குங்கள், மூடாதீர்கள்

வெள்ளத்துக்கு முன் அக்காவின் கடையில் அறுபது வகைச் சாமான் இருந்தன. இப்போது அவர் இருபது வகையோடு திறந்தார். அரிசி, மா, சீனி, தேயிலை, பருப்பு, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய் போன்ற நாளாந்தம் விற்பவை மட்டும். பாவாடை நாடா, விளையாட்டுச் சாமான், விலை கூடிய பிஸ்கற் என்பன பிறகு பார்க்கலாம். தட்டில் ஆறு மாதம் கிடக்கும் சாமானில் உங்கள் காசும் ஆறு மாதம் முடங்கிக் கிடக்கும்.

முதற் கிழமை கையில் 4,700 ரூபாவும் திரும்பி வந்த 5,100 ரூபாவுமாக 9,800 ரூபா. 8,000 ரூபாவுக்குச் சாமான் எடுத்தார். 750 ரூபா மொத்த வியாபாரிக்கு. மிச்சம் 1,050 ரூபாவைக் கையில் வைத்தார்.

முன்பு நாளுக்கு 3,000 ரூபாவுக்கு விற்பனை. இப்போது 2,200 ரூபா. நூற்றுக்கு 12 ரூபா இலாபம் என்றால் நாளுக்கு 264 ரூபா. முன்பு வீட்டுச் செலவுக்குக் கடையிலிருந்து நாளுக்கு 250 ரூபா எடுத்தவர் 180 ரூபாவாகக் குறைத்தார். நாளுக்கு 84 ரூபா மிஞ்சும். கிழமைக்கு 588 ரூபா. கடன்காரர் சிறிது சிறிதாகத் தருவது கிழமைக்கு ஏறத்தாழ 516 ரூபா. இரண்டும் சேர்ந்து 1,100 ரூபாவுக்குச் சற்றுக் கூட. அதில் 750 மொத்த வியாபாரிக்குப் போக, 350 ரூபா புதுச் சாமானுக்கு.

12 கிழமை முடிய மொத்த வியாபாரியின் கடன் தீர்ந்துவிடும். கடையின் கணக்கு 33,500 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 40,500 ரூபாவுக்கு வந்துவிடும். அதே வேகத்தில் போனால் பழைய 50,500 ரூபாவுக்குத் திரும்ப இன்னும் 17 கிழமை. கார்த்திகையில் விழுந்த கடை, அடுத்த மாரி வருவதற்கு முன் எழும்பிவிடும். புதுக்கடன் ஒரு சதமும் எடுக்கவில்லை.

உங்கள் தொகைகள் வேறாக இருக்கும். சிலருக்குத் திரும்பி வரக்கூடிய கடன் இருக்காது. சிலருக்கு 180 ரூபாவாகக் குறைக்க முடியாது. ஆனால் கணக்குப் போடும் முறை ஒன்றுதான். வீட்டுக்கு எடுக்கும் காசை ஒரு கூலிபோல நிச்சயித்து எடுங்கள். மேசை லாச்சியிலிருந்து நினைத்தபோது எடுத்தால், எந்தக் கணக்கும் நில்லாது.

மழைக்காலம் முடியும் வரை தட்டுகளை நிரப்பவும் அவசரப்பட வேண்டாம். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களை வெள்ளம் மூடியது. தண்ணீர் வடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பின், பெப்ரவரியில் மீண்டும் வெள்ளம் வந்தது. ஒரு மாரியில் இரண்டு தடவையும் வரலாம் என்பதை நினைவில் வைத்துச் சாமான் எடுங்கள். கீழ்த்தட்டை நிலத்திலிருந்து இரண்டடியாவது உயர்த்துங்கள்.

கடன் எடுக்கத்தான் வேண்டும் என்றால்

கடன் எடுப்பது தவறல்ல. ஒரு கேள்வியை மட்டும் முதலில் கேளுங்கள்: இந்தக் கடன் எதை வாங்கப் போகிறது? கிழமைக்குள் விற்று இலாபம் தரும் சாமானை வாங்கினால், அந்த இலாபத்திலிருந்து வட்டியைக் கட்டலாம். பழைய கடனைக் கட்டவோ, வீட்டில் சடங்கு செய்யவோ எடுத்தால், வட்டியைக் கட்ட இன்னொரு கடன் தேவைப்படும். கடை மூடுவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டாம் கடன்தான் காரணம்.

கடன் எடுக்கும் ஒழுங்கு இதுவாக இருக்கட்டும்: முதலில் உங்கள் சேமிப்புக் குழு அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதி. அடுத்துக் கூட்டுறவுக் கிராமிய வங்கி, சமுர்த்தி வங்கி. பிறகு வங்கியில் நகை அடைவு. வீடு தேடி வரும் கடன் அதற்குப் பிறகு. தனியார் வட்டிக்காரர் எல்லாவற்றுக்கும் கடைசி.

வட்டியைக் கணக்குப் பாருங்கள். "நூற்றுக்கு அஞ்சு" என்றால் கேட்கச் சிறிதாக இருக்கும். அது மாதத்துக்கு. 20,000 ரூபாவுக்கு மாதம் 1,000 ரூபா. பத்து மாதத்தில் வட்டி மட்டும் 10,000 ரூபா, முதல் அப்படியே நிற்கும். வருடத்துக்கு நூற்றுக்கு 60 வட்டி இது.

கிழமைத் தவணைக் கடனிலும் ஒரு விடயம் உண்டு. "வருட வட்டி 24 வீதம்" என்று சொல்லி, முழுத் தொகைக்கும் வருடம் முழுக்க வட்டி போட்டால், 20,000 ரூபாவுக்கு வட்டி 4,800 ரூபா. 52 கிழமையில் 24,800 ரூபா கட்ட வேண்டும், கிழமைக்கு ஏறத்தாழ 477 ரூபா. அரைவருடத்தில் நீங்கள் பாதி முதலைக் கட்டி முடித்திருப்பீர்கள். ஆனாலும் வட்டி முழு 20,000 ரூபாவுக்கே போகிறது. உங்கள் கையில் உண்மையில் இருந்த காசைப் பார்த்தால், வட்டி சொன்னதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. "மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும்? குறைந்துவரும் மீதிக்கு வட்டியா, முழுத் தொகைக்கு வட்டியா?" என்று கேட்டு, பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்:

- பத்திரம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் கேளுங்கள். இல்லாவிட்டால் வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு நாளைக்கு வாருங்கள்.
- வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தேசிய அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ யாரிடமும் ஈடாக விடாதீர்கள்.
- குழுக்கடன் என்றால் மற்றவர் கட்டாத தவணையும் உங்கள் தலையில் வரலாம். யாருடன் குழுவில் சேருகிறீர்கள் என்று பாருங்கள்.
- தையல் மெசின், துவிச்சக்கர வண்டி, வலை, தராசு போன்ற தொழிற்கருவியை விற்காதீர்கள். சாமான் போனால் திரும்ப எடுக்கலாம். கருவி போனால் தொழிலே போய்விடும்.

கோழி, ஆடு வளர்ப்பவர்களுக்கு

கோழிகள் அடுத்தடுத்துச் சாகத் தொடங்கினால் மிச்சத்தை உடனே விற்றுவிட நினைப்போம். அப்படிச் செய்தால் நோய் ஊர் முழுக்கப் பரவும். கால்நடை வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். செத்தவற்றை ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, வைத்திய அதிகாரி சொல்லும் வரை வெறுமனே விடுங்கள். அதே கூட்டுக்குள் அவசரமாகப் புதுக் குஞ்சு விட்டால் இழப்பு இரண்டாகும். இராணிக்கட் நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. புதுக் குஞ்சு எடுக்கும்போதே தடுப்பூசி நாளையும் கொப்பியில் எழுதுங்கள்.

சந்தை மாறினால்

சில இழப்புகளுக்கு மழையோ நோயோ காரணமல்ல. ஏ9 வீதி திறந்து போக்குவரத்து வழமைக்கு வந்த பின், தெற்கிலிருந்து லொறிகளில் சாமான் வந்தது. வாங்குபவர்களுக்கு மலிவு, உள்ளூரில் தைத்து விற்றவருக்கும் செய்து விற்றவருக்கும் அடி. உதவி நிறுவனங்களாகிய நாமும் இதில் தவறு விட்டிருக்கிறோம். ஒரே கிராமத்தில் பலருக்கு ஒரேவிதமான தொழிலைக் கொடுத்தால், முட்டை விற்க ஆள் இருக்கும், வாங்க ஆள் இருக்காது. அப்படியான இழப்புக்கு உங்கள் சோம்பல் காரணமல்ல. ஆனால் தீர்வை நீங்கள்தான் தேட வேண்டியிருக்கும்.

பெரிய வியாபாரியோடு விலையில் போட்டி போட முடியாது. அவர் செய்யாததைச் செய்யலாம். ஆயத்த உடுப்பு லொறியில் வரும், ஆனால் பள்ளிக்கூடச் சீருடையை அளவெடுத்துத் தைக்கவும் கிழிந்ததைத் திருத்தவும் லொறிக்காரர் நிற்கமாட்டார். கால் கிலோ சீனியைக் காலை ஆறு மணிக்குக் கொடுப்பது ஊர்க்கடை மட்டும்தான். ஒரே தொழில் செய்யும் நாலு பேர் சேர்ந்து மொத்தமாகச் சாமான் எடுத்தால் வாகனச் செலவும் பங்காகும்.

எப்போது நிறுத்துவது?

ஒவ்வொரு மாதமும் முதல் நாள், மேலே பார்த்த கணக்கை மீண்டும் போடுங்கள். புதிதாக எந்த அனர்த்தமும் இல்லாமலே மூன்று மாதம் தொடர்ந்து தொகை குறைந்தால், அல்லது ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்க வேண்டி வந்தால், அந்தத் தொழிலை நிறுத்துவது பற்றி யோசியுங்கள். புதுச் சாமான் எடுக்காமல் இருப்பதை விற்று, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கருவிகளை வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். இப்படி நிறுத்தியவர் ஊரில் தலை நிமிர்ந்து நடப்பார், நாளைக்கு வேறொன்றைத் தொடங்கும்போது அவருக்குச் சாமான் கொடுக்க ஆள் இருக்கும்.

உங்கள் மனமும் உடம்பும்

கணக்கு மட்டும் போதாது. நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல், பிள்ளைகளோடு எரிந்து விழுந்துகொண்டு எந்தத் தொழிலையும் நடத்த முடியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இழப்பை மறைக்காதீர்கள். தெரியாவிட்டால் அவர்கள் செலவைக் குறைக்கமாட்டார்கள், உங்களுக்குத் தோள் கொடுக்கவும் முடியாது. இரண்டு கிழமைக்கு மேல் இந்த நிலை நீடித்தால், குடி கூடினால், அல்லது உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் கடையைச் சாத்திவிட்டு வெளியே வராமல் இருந்தால், நீங்கள் ஒரு கொப்பியோடு போய்க் கதவைத் தட்டுங்கள்.

செயற்பாடு

நான்கைந்து பேர் வட்டமாக இருந்து செய்யுங்கள்.

1. உங்கள் தொழிலுக்கு இன்று உள்ள சாமான், கையில் உள்ள காசு, வெளியில் நிற்கும் கடன் என்பவற்றை எழுதிக் கூட்டுங்கள். கொடுக்க வேண்டியதைக் கழியுங்கள். நட்டம் வர முன்னரே இந்தத் தொகையை அறிந்திருப்பது நல்லது.
2. வெளியில் நிற்கும் கடனை மூன்றாகப் பிரியுங்கள்: இப்போது வரும், சிறிது சிறிதாக வரும், இப்போது வராது.
3. ஒருவர் மொத்த வியாபாரியாகவும் ஒருவர் கடைக்காரராகவும் இருந்து கதைத்துப் பாருங்கள். பிறகு ஆள் மாறுங்கள்.
4. அடுத்த மாரிக்கு முன் உங்கள் கடையில், கொட்டிலில், தோட்டத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தெரிவுசெய்து, செய்யும் நாளையும் எழுதுங்கள்.

ஞாபகத்தில் வைத்திருங்கள்

- முதலில் எண்ணுங்கள். பிறகு தீர்மானியுங்கள்.
- வெளியில் நிற்கும் சொந்தக் காசைக் கேட்ட பின்பே கடன் கேளுங்கள்.
- கடன்பட்டவருக்கு ஒளிக்காதீர்கள், முன்னால் போய் நில்லுங்கள்.
- கடையைச் சுருக்குங்கள், கருவியைக் காப்பாற்றுங்கள்.
- வீட்டுக் காசையும் கடைக் காசையும் வேறாக வையுங்கள்.
- இழப்பை வீட்டில் சொல்லுங்கள்.

அடுத்த பாடத்துக்கு வரும்போது உங்கள் கொப்பியையும் கொண்டுவாருங்கள். சேமிப்புக் குழு ஒன்றை எப்படித் தொடங்கி நடத்துவது என்று பார்ப்போம்.